கைத்துணை

ஒன்பதாவது கேள்வி வரைக்கும் அருணகிரிக்கு ஒரு சிக்கலும் இல்லை. பெயர், வயது ஐம்பத்தேழு, ஊர் சென்னை, உபாதை இடது தோளில் நரம்பு வலி. வலி உண்மையாகவே இருந்ததால் அதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்தாவது கேள்வியில் அவர் விரல் திரையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. 'உங்கள் கைத்துணையின் பெயர்.'

தூத்துக்குடிப் பச்சைக்கடையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெபசிங், முப்பத்தைந்து வயது ஆள், எட்டிப் பார்த்தான்.

"பத்தாவதை விட்டுட்டியளே ஸார்."

"எனக்கு இந்த ஊர் புதுசு."

"இந்த ஊர் ஆளுதான் வேணும்னு இல்ல ஸார். சென்னையில இருந்து யாரையாவது கூட்டிட்டு வந்தாலும் சரிதான். சொந்தக்காரங்க மட்டும் கூடாது. கூட்டாளி, கூட வேலை பாக்குறவங்க, அடுத்த வீட்டுக்காரங்க. யாருமே இல்லியா?"

அவன் குரல் இயல்பிலேயே கனத்த குரல். வரிசையில் நின்ற பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அருணகிரி தன் வாழ்க்கையில் வந்து போன மனிதர்களை ஒரு முறை வேகமாகப் புரட்டினார். நான்கு வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு சண்டைகூட இல்லாமல் பிரிந்துபோன மனைவி. மின்தூக்கியில் தலையசைக்கும் மூன்றாம் மாடிக்காரர், அவர் பெயர் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி, அது ஆறு மாதமாகக் காலி. புரட்டி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இல்லை," என்றார்.

பச்சைக்கடைகள் திறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கஞ்சாவைச் சட்டப்படி விற்கலாம் என்று முடிவானபோது சட்டசபையில் எல்லாருக்கும் ஒரே பயம்தான். தனியாக உட்கார்ந்து தின்கிறவன் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவான், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் கெடமாட்டான் என்று யாரோ ஒரு உறுப்பினர் மேசையைத் தட்டிச் சொல்ல, அதுவே சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து கஞ்சா வில்லை ஒரு சின்ன டப்பியில் வரும். டப்பியின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வேறு மனிதர்களின் விரல் பட வேண்டும். இரண்டு நாடித்துடிப்பையும் அது உணர வேண்டும். அப்போதுதான் மூடி திறக்கும். வாங்குகிறவருக்குத் துணையாக விரல் வைப்பவர் கைத்துணை. திறந்த பிறகு நாற்பது நிமிஷம் இருவரும் கடைக்குள் இருக்கும் அமர்வறையை விட்டு நகரக் கூடாது. வீட்டு ஆட்கள் என்றால் மிரட்டி இழுத்து வந்துவிடுவார்கள் என்பதால் சொந்தக்காரர்கள் கூடாது. வாடகைக்கு ஆள் பிடிக்காமல் இருக்க, ஒரு முறை பதிந்த கைத்துணையை மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது. அவரவர் முகவரியைக் கடை யாருக்கும் சொல்லாது, அவராகச் சொன்னால்தான் உண்டு.

இத்தனை கெடுபிடியைத் தாண்டி யார் வருவார்கள்? சட்டத்துக்கு வெளியே தட்டான் இருந்தது. தட்டான் என்றால் ஜனங்கள் வைத்த பெயர். உள்ளங்கையில் அடங்கும் பறக்கும் இயந்திரம். சொன்ன பத்தாவது நிமிஷம் மொட்டைமாடியில் சரக்கைப் போட்டுவிட்டுப் போகும். நாடியும் கேட்காது, துணையும் கேட்காது. அதனால் மாநிலம் முழுக்கப் பச்சைக்கடைகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. தூத்துக்குடிக் கடையில் மட்டும் தினம் முன்னூறு டப்பி விற்றது. கணிப்புப்படி அங்கே நாற்பதுதான் விற்க வேண்டும்.

அந்த இருநூற்று அறுபது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் அருணகிரி வந்திருந்தார். மாநிலப் பச்சை வாரியத்தில் தேவைக் கணிப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்த ஊரில் எத்தனை பேருக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை, அருணகிரியின் வேலை. வாரியத்து ஆள் என்று காட்டிக்கொள்ளாமல், வாடிக்கையாளராகவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மேலதிகாரி ரோகிணி சொல்லி அனுப்பியிருந்தாள். கைத்துணைக்கு என்ன செய்வது என்று அவளும் கேட்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. ஊரெல்லாம் எண்ணுகிறவருக்குத் தன்னை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜெபசிங் சுவரோரத்துப் பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கனியம்மா! உங்களுக்கு ஆள் வந்தாச்சு!"

பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அறுபத்தொரு வயது, அகலமான தோள், காதில் கனமான கம்மல். சண்முகக்கனி என்பது முழுப்பெயர். பழைய கைத்துணை மகளோடு இருக்க மதுரைக்குப் போய்விட்டதால் பதினொரு நாளாக அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"தோளா, முட்டியா?" என்று அருணகிரியிடம் கேட்டார்.

"தோள்."

"எனக்கு முட்டி. ரெண்டு பேரும் சேந்தா முக்கால் ஆள் தேறும். வாங்க."

*

முதல் நாள் நாற்பது நிமிஷத்தில் முப்பது நிமிஷம் இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அமர்வறையில் எதிரெதிர் நாற்காலிகளாக இருபது ஜோடி இருந்தன. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன.

"அந்த மூணாவது கிரேன் இருக்குல்லா, அது நான் ஓட்டுனது," என்றார் கனியம்மா திடீரென்று. "முப்பது வருஷம். நாப்பது மீட்டர் உசரத்துல கண்ணாடிக் கூண்டு. காலையில ஏறினா சாயங்காலம்தான் எறங்குவேன். மேல இருந்து பாத்தா எல்லாரும் வெறும் உச்சந்தலைதாம். மூஞ்சி யாருக்கும் கிடையாது."

"பயமா இருக்காதா?"

"பயம் எதுக்கு? பேச்சுதாம் மறந்துபோச்சு. எறங்கி வீட்டுக்குப் போனா நாக்கு வறண்டு கெடக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும், ‘ஏட்டி, ஏதாவது சொல்லு’ம்பார். அவரும் போயிட்டார்."

நாற்பதாவது நிமிஷம் ஒரு சின்ன மணி அடித்தது. அருணகிரி, பணியில் இருக்கும்போது தின்னக் கூடாது என்ற விதிப்படி, தன் வில்லையைச் சட்டைப்பையில் மறைத்து எடுத்துப் போனார். மாட்டிக்கொள்ளவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் அவர் பெயரில், மறுநாள் அந்த அம்மாள் பெயரில் என்று வாங்கினார்கள். மணி எப்போதும் நாலரை. தை மாதம் பிறந்ததும் கனியம்மா அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தார். அருணகிரி அதை நாரோடு கடித்துவிட்டுத் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அறையே சிரித்தது. "சென்னைக்காரருக்குக் கிழங்கு திங்கவும் ஒரு கைத்துணை வேணும் போல," என்று கனியம்மா ஒவ்வொன்றாக நாரை உரித்துக் கொடுத்தார். தன்னைப் பார்த்து யாராவது கடைசியாகச் சிரித்தது எப்போது என்று அருணகிரிக்கு நினைவில்லை. அந்தச் சிரிப்பை விடுதி அறை வரைக்கும் கொண்டுபோனார். அன்று தோள் வலிக்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் கவனித்தார். கனியம்மா டப்பியைத் திறப்பார், வில்லையை எடுப்பார், பேச்சு சுவாரசியத்தில் அது எங்கே போகிறதென்றே தெரியாது. உண்மையில் அது வாசலோரத்து நீலக் கூடைக்குப் போனது. கனியம்மாவுடையது மட்டுமல்ல. அறையை விட்டுப் போகிற ஏறக்குறைய எல்லார் கையும் கூடைக்கு மேல் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போனது. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. அவரைப் போலவே இருபது ஜோடியும் இருபது விதமாக மறைத்துக்கொண்டிருந்தன.

கூடையை ஜெபசிங் கடைக்குப் பின்னாலிருந்த குழியில் கொட்டுவான். எதிர்வீட்டு ஆடு ஒன்று அதற்கென்றே காத்திருக்கும். தின்றுவிட்டு நடுரோட்டில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டால் டவுன் பஸ்ஸே வந்து ஒலி எழுப்பினாலும் அசையாது. அந்த வார்டிலேயே உண்மையான வாடிக்கையாளர் அந்த ஆடு ஒன்றுதான்.

அதே வாரம் கழிவுநீர்க் கணக்கும் வந்தது. கடை விற்கும் எண்ணை மட்டும் வாரியம் நம்புவதில்லை. தின்றது உடம்பு வழியாகச் சாக்கடைக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு ஊரின் கழிவுநீர் நிலையத்திலும் ஒரு கருவி இருந்து, ஊர் எவ்வளவு தின்றது என்று எண்ணும். மனிதர்கள் பொய் சொல்வார்கள், சாக்கடை சொல்லாது என்பது அருணகிரியின் பிரிவில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது. விற்றது முன்னூறு. தின்றது பதினெட்டு.

மறுநாள் அருணகிரி நேராகக் கேட்டுவிட்டார். "முட்டி வலின்னு சொல்றீங்க. வில்லையைக் கூடையில போடறீங்க. அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

கனியம்மா அவர் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு, "நீங்க மட்டும் சட்டைப்பையில போட்டா அது தோளுக்குப் போய்ச் சேருதாக்கும்?" என்றார்.

அருணகிரி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வலி இருக்கு. அதுக்குத் தைலம் இருக்கு," என்றார் கனியம்மா. "இந்தா, இதே மாதிரி பீச்சுல உங்ககூட நாப்பது நிமிஷம் உக்காந்தேன்னு வைங்க. எங்க தெரு என்ன பேசும்? கீழ்வீட்டுல மவனும் மருமவளும் இருக்காவ. ‘யாரு அத்தை அது?’ன்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? அறுபத்தோரு வயசுல, எனக்குப் பேச ஆள் வேணும்னு எந்த வாயால சொல்லுவேன்? முட்டி வலிக்குன்னு சொல்லலாம். அதுல வெக்கம் இல்ல. இங்கன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. சட்டம்லா நம்மள உக்கார வச்சிருக்கு."

பக்கத்து நாற்காலிகளில் பேச்சு நின்றுவிட்டது. யாரும் திரும்பவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டார்கள்.

"தட்டான்ல வாங்குறவன் கஞ்சா வாங்குறான்," என்றார் கனியம்மா. "நாங்க வேற சரக்கு வாங்குறோம்."

*

வேலை முடிந்தது. அருணகிரி அறிக்கை எழுத உட்கார்ந்தார், எழுத முடியவில்லை.

சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. தேவை இல்லாத இடத்தில் கடை இருக்கக் கூடாது. இருந்தால் இல்லாத தேவையை அது உண்டாக்கும். கழிவுநீர்க் கணக்கு இருபதுக்குக் கீழே போனால் கடையை மூட வேண்டும். பதினெட்டு என்று எழுதினால் அடுத்த மாதம் நீலக் கூடையும் இருக்காது, நாலரை மணியும் இருக்காது. முப்பத்திரண்டு வருஷப் பணியில் ஒரு எண்ணைக்கூட அவர் மாற்றியதில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அருணகிரி ‘மாதிரி எடுக்கும் கருவி பழுது, கழிவுநீர் விவரம் கிடைக்கவில்லை’ என்று எழுதினார். மற்றபடி தேவை மிக வலுவாக இருக்கிறது, தொடர்ந்து மூன்று மாதம் நேரில் கவனிக்க அனுமதி வேண்டும் என்று முடித்தார்.

அந்த மூன்று மாதமும் அருணகிரி சந்தோஷமாக இருந்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழும்போதே நாலரை மணி என்று ஒன்று இருந்தது. அதற்குச் சட்டை தேய்த்தார். வழியில் பார்த்ததையெல்லாம் சொல்வதற்கென்று மனசில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பங்குனிக் கடைசியில் ரோகிணி கூப்பிட்டாள்.

"சார், உங்க ரிப்போர்ட்டை அமைச்சரே பாராட்டினார். இத்தனை தொல்லை கொடுத்தும் தினம் முன்னூறு பேர் வர்றாங்கன்னா, தொல்லையை எடுத்துட்டா மூவாயிரம் பேர் வருவாங்க. கைத்துணை விதியை மாநிலம் முழுக்கத் தூக்கியாச்சு. இனிமே ஒரு விரல் போதும். கடையும் வேண்டாம், நம்ம தட்டானே வீட்டுக்குக் கொண்டு போகும். எல்லாம் உங்களாலதான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அருணகிரி போனைக் காதில் வைத்தபடியே கேட்டார்.

"மேடம், அங்க அந்த விதி இருக்கறதாலதான் வர்றாங்க."

ரோகிணி சிரித்தாள். "விதி தடுக்கும் சார். கூப்பிடுமா? உங்க ரிப்போர்ட்ல அப்படி ஒரு வரிகூட இல்லையே."

இல்லைதான். அந்த வரியை எழுத வேண்டுமென்றால் பதினெட்டை எழுதியிருக்க வேண்டும்.

*

கடையின் கடைசி நாள் அருணகிரி கனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். டப்பி திறந்து பத்தாவது நிமிஷத்தில் ஆரம்பித்தார். வாரியம், கணிப்பு, பதினெட்டு, பொய். கனியம்மா மடியில் கையைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க எண்ண வந்த ஆளு," என்றார் கடைசியில்.

"முதல்ல அப்படித்தான் வந்தேன்."

"முப்பது வருஷம் நானும் மேல உக்காந்து பெட்டி எண்ணுனேன். பெட்டிக்குத் தெரியாது, அது பெட்டி. எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா? என் வீட்டுக்காரர் பேச்சை எல்லாம் உங்ககிட்டச் சொன்னேனே. அதுவும் கணக்குல போயிருக்கா?"

"இல்லை. சத்தியமா இல்லை. கனியம்மா, உங்க முகவரி மட்டும் சொன்னீங்கன்னா…"

"சொன்னா? சட்டம் போனப்புறம் எந்த முகத்தோட படியேறி வருவிய? என் மருமவகிட்ட யாருன்னு சொல்லுவிய?"

அருணகிரி ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தன்னிடமிருந்த ஒரே பெருமையைச் சொன்னார். "வித்த கணக்கை எல்லாரும் பார்ப்பாங்க. திரும்பி வந்த சரக்குன்னு ஒரு பட்டியல் உண்டு, அதை யாரும் பார்க்க மாட்டாங்க. ஏன் திருப்பி அனுப்பினாங்கன்னு காரணத்தோட இருக்கும். இந்த மாநிலத்திலேயே அதை உட்கார்ந்து படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். வேண்டாம்னு சொன்னவங்களையும் மதிக்கிறவன் நான்."

கனியம்மா எழுந்தார். "அப்ப அதையாவது ஒழுங்காப் படிங்க," என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நாற்பது நிமிஷத்துக்கு முன்னால் கதவைத் தாண்டினால் கூவும் மணி கூவியது. இருபத்திரண்டாவது நிமிஷம். அந்த மூன்று மாதத்தில் அது கூவியது அன்றைக்குத்தான். ஜெபசிங் ஓடிவந்து நிறுத்தினான். அருணகிரி மீதிப் பதினெட்டு நிமிஷமும் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், மணி அடித்த பிறகு எழுந்தார்.

*

சென்னைக்குத் திரும்பியதும் அருணகிரி தூத்துக்குடிப் பட்டியலைத் திறக்கவில்லை. வேலூரைத் திறந்தார், சேலத்தைத் திறந்தார், தூத்துக்குடியின் மேல் விரல் போனாலே தோள் வலித்தது. யாரும் படிக்காததைப் படிக்கிறவன் என்று பீற்றிக்கொண்டவர் ஏழு வாரம் அதைப் படிக்கவில்லை. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

ஏழாவது வாரம் ரோகிணி அவர் மேசைக்கே வந்தாள்.

"சார், உங்க தூத்துக்குடிக்கு என்ன ஆச்சு? தினம் முன்னூறு ஆர்டர் போகுது. விற்பனை பூஜ்யம். தட்டான்ல ஏதாவது கோளாறா?"

அவள் போன பிறகு அருணகிரி திறந்தார். நேராகத் திரும்பி வந்த சரக்குக்குப் போனார்.

முந்தின நாள் போனது இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. திரும்பி வந்தது இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. திருப்பி அனுப்புகிறவர் ஏழு காரணங்களில் ஒன்றைத் தொட வேண்டும். தரம் சரியில்லை, உறை கிழிந்துள்ளது என்று வரிசையாகப் போய், ஆறாவதாகப் பழைய கடைக் காலத்துக் காரணம் ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

‘கைத்துணை வரவில்லை.’

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வரியிலும் அதுவே. அதற்கு முந்தின நாளும் அதுவே. ஏழு வாரம் கீழே கீழே போனார். ஒவ்வொரு நாளும் ஒரு ஊர், மாடி மாடியாக நின்று, தட்டான் கொண்டுவந்த டப்பியைக் கையில் வாங்கி, படியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. வருவதற்கு ஒரு சாக்கு இல்லாமல் அந்தக் கைத்துணைகளும் தங்கள் தங்கள் வீட்டில் இதே டப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரும் போகவில்லை. அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைக்க வேண்டியிருந்தது.

பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. முகவரியைத் திறந்து பார்க்க அவருக்கு வசதி இருந்தது, உரிமை இல்லை. பார்த்தால் வேலை போகும். நாலரை மணிக்கு வந்த ஆர்டர்களை மட்டும் பிரித்தார். ஐந்து. ஏழு வாரமும் அதே ஐந்து. ஐந்தையும் திறந்தார், ஒரு தாளில் எழுதினார், சட்டைப்பையில் வைத்தார். பிறகு ரயிலுக்குப் போனார்.

*

ஐந்தில் ஒரு முகவரி துறைமுகத்தை ஒட்டியிருந்தது. மொட்டைமாடியில் நின்றால் மூன்றாவது கிரேன் நன்றாகத் தெரியும். இதுதான் என்று அருணகிரிக்குச் சந்தேகமே இல்லை. மாடிக்கு வெளிப்புறமாகவே படி இருந்தது. கீழ்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. மருமகள் கேட்டால் சொல்ல வேண்டியதை ரயிலில் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார். ‘நான் அருணகிரி. அவங்களோட பேச வந்திருக்கேன்.’ இந்த இரண்டு வாக்கியம்தான். இதற்கு ஐம்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

யாரும் கேட்கவில்லை. படியேறும்போது தலைக்கு மேல் தட்டான் இறங்கும் ரீங்காரம் கேட்டது. நாலரை.

மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. நடுவே ஒரு முக்காலி, அதன் மேல் மூடி வைத்த இரண்டு டம்ளர்கள். டப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் திரும்பினார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். பனியனுக்கு மேல் துண்டு, முகத்தை அப்போதுதான் மழித்திருந்தார்.

படியில் நின்ற ஆளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, உடனே கொஞ்சம் தணிந்தது. அருணகிரியின் முகமும் அதையேதான் செய்திருக்கும்.

"மன்னிக்கணும்," என்றார் அருணகிரி. "நான் வேற ஒருத்தரைத் தேடி வந்தேன். வீடு மாறி வந்துட்டேன் போல."

"தெரியுது. நீங்க என் ஆளு இல்ல. கண்ணு இன்னும் நல்லாத்தாம் இருக்கு." பெரியவர் நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். "என் ஆளு வரமாட்டார். லூர்துன்னு பேரு. வெக்கப்படுவார். நான் போவலாம்னா நானும் வெக்கப்படுதேன். ஆனா பாருங்க, யாரோ ஒருத்தர் யாரையோ தேடிப் படியேறி வந்தாச்சே. இந்த ஏழு வாரத்துல இதாம் முதல் ஆளு. உக்காருங்க அண்ணாச்சி."

அருணகிரி மணியைப் பார்த்தார். மீதி நான்கு வீட்டில் ஒன்றில் கனியம்மா இந்நேரம் டப்பியை வாங்கிக்கொண்டு படியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து மணிக்குள் போனால் அடுத்த வீடு. ஓடினால் அதற்கடுத்ததும் முடியும். பெரியவர் ஒரு டம்ளரின் மூடியை எடுத்து ஆவி பறக்கிறதா என்று பார்த்து, அதை இவர் பக்கம் நகர்த்தி வைத்தார். தினம் இரண்டு டம்ளர் ஊற்றி, தினம் ஒன்றை ஆறவிட்ட கை.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றார் அருணகிரி. "நான் பச்சை வாரியத்து ஆளு. எண்ணறதுதான் என் வேலை. இந்த முகவரியைக்கூட நான் பார்த்திருக்கக் கூடாது."

பெரியவர் முக்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டார்.

"அப்ப எழுதிக்கிடுங்க," என்றார். "இங்கன ஒண்ணு."

டப்பியை முக்காலியின் மேல் வைத்து ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டு, மற்ற ஓரத்தை இவர் பக்கம் நீட்டினார். "அந்தப் பக்கம் பிடிங்க."

"இப்பல்லாம் ஒரு விரல் போதுமே."

"தெரியும். இருந்தாலும் பிடிங்க."

அருணகிரி கைக்கடிகாரத்தைக் கழற்றி, மீதி நான்கு முகவரிகள் இருந்த சட்டைப்பையில் போட்டார். பிறகு உட்கார்ந்து டப்பியின் ஓரத்தைப் பிடித்தார்.